மந்திரம் குறைந்த நாடு

தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
எனக்கு ஒரு நாடு இருக்கிறது.
சனிக்கிழமை இரவு எட்டரைக்குத் திறக்கும்.
வரைபடம் டிவி வந்த அட்டைப்பெட்டியின் உட்புறம்,
மலைகள் நீல பால்பாயிண்ட்.
கோட்டை உண்டு, ராஜா கிடையாது.
ஆறு உண்டு, மணல்தான்.
"யோசிக்கவே இல்ல நீ,
ஜன்னலத் தொறந்து பாத்து எழுதிட்ட"
என்றான் முனிரத்தினம் முதல் நாளே.

மூன்று வருடமாக ஆடுகிறோம்.
இருபது முகப் பகடை ஒன்றே ஒன்று.
அதில் பதினேழு தேய்ந்து
பதினொன்றாகத் தெரியும்.
பாதிச் சண்டை அதனால்தான்.

என் நாட்டில் மந்திரம் மலிவில்லை.
விரல் சொடுக்கினால் நெருப்பு வராது,
பஞ்சு நனைந்தால் நனைந்ததுதான்.
பறக்கும் பாம்பைப் பார்த்ததாகச் சொல்வார்கள்,
சொல்பவன் கள் குடித்திருப்பான்.
கழுதைக்கு லாடம் தேயும்.
வாளுக்கு எண்ணெய் வாங்கினால்
நோட்டில் கணக்கு எழுத வேண்டும்.

பகலெல்லாம் ஆட்டோ பாகங்கள் விற்கும் கடையில்
ரசீது போடுகிற முனிரத்தினத்துக்கு
இது ஆகவே ஆகாது.
"இங்கயும் வந்து கணக்கா?
ஒரு மந்திரக்கோல் குட்தா
இன்னா கொறஞ்சிடும் உனக்கு?"

கிருபாவதிக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை.
ஒருமுறை மனமிரங்கி
காயம் ஆற்றும் குப்பி ஒன்றைக்
குகையில் வைத்தேன்.
அவள் மூடியைத் திறந்து முகர்ந்து
மண்ணில் கொட்டுவதாகச் சொன்னாள்.
"தொடை எலும்பு சேர பன்னிரண்டு வாரம். எழுது."
எழுதினேன்.
அவளுடைய வில்லாளி
சத்திரத்தில் பன்னிரண்டு வாரம் படுத்துக் கிடந்தாள்.
கிருபாவதியும் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து
படுத்துக் கிடந்தாள்.

ஒரே ஒரு மந்திரம் வைத்திருந்தேன்,
நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் காட்டாமல்.
ஆற்றை ஓடவைக்கும் சொல்.
சொல்பவர் உயிர் அதற்கு விலை.
இம்தியாஸின் உப்பு வியாபாரி
எட்டு மாதம் அலைந்து அதைக் கண்டுபிடித்தான்.
அடுத்த சனிக்கிழமை சொல்லுவதாக இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.
ஆந்திரப் பக்கம் இன்னும் பலம் என்றார்கள்.
வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாலாறு
கரையோடு கரை, டீ நிறத்தில், போய்க்கொண்டிருந்தது.
ஊரே நின்று செல்போனை நீட்டியது.
விலை என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.
என் கடைசிப் பக்கத்தை நினைத்து
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பாலத்தை அடைத்துவிட்டார்கள்.
இம்தியாஸ் விருதம்பட்டில்,
நாங்கள் மூன்று பேர் இந்தக் கரையில்.
கரண்டும் போனது.
மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன் நான்,
திட்டு எனக்கு.
அவனைப் போனில் கூப்பிட்டு
தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தோம்.

"எங்கிட்ட பகடை இல்லியே?"
இருபது துண்டுச் சீட்டு எழுதி
டிபன் டப்பாவில் குலுக்கச் சொன்னேன்.
"பன்னெண்டுக்கு மேல வந்தா ஆறு ஓடும்.
இல்லன்னா ஓடாது.
ரெண்டுலயும் நீ இல்ல."
"செரி" என்றான்.

சீட்டுகள் குலுங்குவது கேட்டது.
அதற்குப் பின்னால் நிஜ ஆறு,
அல்லது லைன் இரைச்சல்.
மெழுகுவர்த்தியை கிருபாவதி
கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்,
காற்றே இல்லை.
பத்தொன்பது என்று அவன் சொல்லியிருக்கலாம்.
யார் போய்ப் பார்ப்பது,
நடுவில் இவ்வளவு தண்ணீர்.

"நாலு" என்றான்.

"நல்லாப் பாரு, பதினாலா இருக்கும்"
என்று முனிரத்தினம் போனுக்குள் குனிந்தான்.
"இல்லடா. நாலுதான்."

மணலில் விழுந்தான் உப்பு வியாபாரி.
ஆறு கிடந்தபடி கிடந்தது.
எனக்குச் சொல்ல ஒரு வரியும் வரவில்லை.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
கணக்கு நோட்டைத் தானாக இழுத்து
முனிரத்தினம் அந்தப் பெயரின்மேல் கோடு போட்டான்.
மீதி உப்பு மூணு மூட்டை, யாருக்கு என்றான்.

சொம்பிலிருந்து குரல் வந்தது.
"உப்பு யாராவது எடுத்துக்கங்க.
கழுதைக்கு மட்டும்
முன்னங்கால் லாடம் மாத்தணும், மறந்துடாதீங்க."